பிறப்பதற்கு முன் ஆத்துமா எங்கே இருந்தது? கிறிஸ்தவ மரபுக்குள் இருக்கும் பதில்கள்

கேள்வி இதுதான்: "தாயின் வயிற்றில் உருவாக்குமுன்னே உன்னை அறிந்தேன் என்று எரேமியா 1:5-இல் கடவுள் சொல்கிறார். அப்படியானால் பிறப்பதற்கு முன்பே நம் ஆத்துமா பரலோகத்தில் இருந்ததா? கிறிஸ்தவம் இதைப் பற்றி என்னதான் நம்புகிறது?"

முதல் பாதிக்குப் பதில் எளிது: இல்லை. கத்தோலிக்கம், ஆர்த்தடாக்ஸ், லூத்தரன், சீர்திருத்த சபைகள் என்று எந்தப் பெரிய மரபும் ஆத்துமா கருவுக்கு முன்பே தனியாக வாழ்ந்தது என்று போதிப்பதில்லை. அந்தக் கதவை 6-ஆம் நூற்றாண்டிலேயே அடைத்துவிட்டார்கள். இரண்டாம் பாதிதான் சிக்கல். ஆத்துமா முன்பே இல்லை என்றால் அது எங்கிருந்து வருகிறது? கடவுள் ஒவ்வொரு முறையும் புதிதாகப் படைக்கிறாரா, அல்லது உடலைப் போலவே பெற்றோரிடமிருந்து வருகிறதா? இந்த இரண்டுக்கும் இடையில் கிறிஸ்தவர்கள் பதினெட்டு நூற்றாண்டுகளாகப் பிரிந்தே நிற்கிறார்கள். எதைப் பிடித்தாலும் இன்னோர் இடத்தில் இடிக்கும். இடிக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஜென்மப்பாவம், அதாவது ஆதாமின் பாவத்தால் மனிதர் எல்லாரும் பிறப்பிலேயே பாவநிலையில் இருக்கிறார்கள் என்ற போதனை. வசனங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இந்த விவாதம் ஏன் முடியவில்லை என்பது புரியாது. ஆதாமின் பாவம் நமக்கு எப்படி வந்தது என்று ஒருவர் கருதுகிறாரோ, அதற்கேற்பத்தான் ஆத்துமாவின் தோற்றத்தைப் பற்றிய அவருடைய முடிவும் அமைகிறது.

எரேமியா 1:5-ஐ முதலில் பார்த்துவிடலாம், பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். அறிந்தேன், பரிசுத்தம்பண்ணினேன், கட்டளையிட்டேன் என்று அந்த வசனத்தில் வரும் செயல்கள் எல்லாம் கடவுளுடையவை. எரேமியா எங்கோ இருந்ததாகவோ, எதையோ கேட்டதாகவோ, ஒப்புக்கொண்டதாகவோ அதில் ஒரு சொல்லும் இல்லை. முன்பே இருந்தது கடவுளின் அறிவும் திட்டமும். எபேசியர் 1:4-இலும் இதே அமைப்புதான்: உலகத்தோற்றத்துக்கு முன்னே நம்மைத் தெரிந்துகொண்டார். சங்கீதம் 139:16 இன்னும் தெளிவு. அவயவங்களில் ஒன்றாகிலும் இல்லாதபோதே அவை அனைத்தும் கடவுளின் புத்தகத்தில் எழுதியிருந்தன என்கிறது. எழுதியிருப்பது வேறு, இருப்பது வேறு. வெளிப்படுத்தல் 13:8 "உலகத்தோற்றமுதல் அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி" என்று பேசுகிறது. அதை வைத்துக்கொண்டு சிலுவைமரணம் ஆதாமுக்கு முன்பே நடந்துவிட்டது என்று யாரும் வாதிடுவதில்லை. ரோமர் 4:17 கடவுளை "இல்லாதவைகளை இருக்கிறவைகளைப்போல் அழைக்கிறவர்" என்று சொல்வதை இவற்றோடு சேர்த்துப் படித்தால் போதும்.

ஆகவே முன்னிருப்புக்கு (ஆத்துமா பிறப்புக்கு முன்பே இருந்தது என்பதற்கு) ஆதாரமாக யாராவது ஒரு வசனத்தைக் காட்டினால் முதலில் கேட்க வேண்டியது: முன்பே இருந்ததாக இது சொல்வது கடவுளின் அறிவையா, மனிதனின் ஆத்துமாவையா? வழக்கமாகக் காட்டப்படும் வசனங்களில் பல இந்த ஒரு கேள்வியிலேயே விழுந்துவிடும்.

விழாதவையும் உண்டு. யோவான் 9:2-இல் சீஷர்கள் பிறவிக்குருடனைப் பார்த்து, இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம், இவனுடையதா, பெற்றவர்களுடையதா என்று கேட்கிறார்கள். பிறக்குமுன் பாவம் செய்ய முடியும் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அது சீஷர்களின் கேள்வி. இயேசு இரண்டையும் மறுத்துவிட்டுப் பேச்சை வேறு பக்கம் திருப்புகிறார். கருவிலேயே பிள்ளை பாவம் செய்யக்கூடும் என்ற கருத்து யூத மரபில் இருந்ததால், அந்தக் கேள்விக்கு முற்பிறவி வரை போகவும் தேவையில்லை. இதைவிடக் கடினமானது சாலொமோனின் ஞானம் 8:19-20. நல்ல ஆத்துமா எனக்கு வாய்த்தது, இன்னும் சரியாகச் சொன்னால் நான் நல்லவனாயிருந்ததால் மாசற்ற உடலுக்குள் வந்தேன் என்ற பொருளில் போகிறது அந்தப் பகுதி. கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் வேதாகமங்களில் மட்டும் உள்ள நூல் இது, கிரேக்கத் தத்துவச் சூழலில் எழுந்தது. அதே நூலின் 7-ஆம் அதிகாரத் தொடக்கத்தில் பேசுபவர் தாயின் வயிற்றில் உருவான சாதாரண மனிதனாகத் தன்னைச் சொல்லிக்கொள்வதால், முழு நூலும் முன்னிருப்பைப் போதிக்கிறது என்று கொள்வது கடினம். பழைய யூத நூல்கள் சிலவற்றில் ஆத்துமாக்கள் கடவுளின் கருவூலத்தில் காத்திருப்பதாக வருவதும் உண்மையே. கிறிஸ்தவத்துக்குள் அது வேர்விடவில்லை.

எதிர்ப்பக்கத்து வசனம் ஒன்று மிக வலுவானது. ரோமர் 9:11-இல் பவுல் யாக்கோபையும் ஏசாவையும் பற்றி, "பிள்ளைகள் இன்னும் பிறவாமலும், நல்வினை தீவினை ஒன்றும் செய்யாமலுமிருக்கையில்" என்கிறார். பிறப்புக்கு முன் வினை இல்லை என்று வேதாகமம் இவ்வளவு நேராக வேறெங்கும் சொல்லவில்லை. முன்னிருப்புக் கொள்கைக்காரர்கள் விளக்கம் சொல்லியே ஆகவேண்டிய வசனம் இது.

வேடிக்கை என்னவென்றால், முன்னிருப்பைக் கிறிஸ்தவத்துக்குள் முழு அமைப்பாகக் கட்டியவரைத் தொடங்கிவைத்ததே இந்த யாக்கோபு, ஏசா சிக்கல்தான். அவர் அலெக்சாந்திரியாவின் ஓரிகன் (சுமார் 185 முதல் 254 வரை). அவருடைய காலத்தில், திருச்சபை திரிபுக்கொள்கையினர் என்று ஒதுக்கிய மார்சியன், வாலன்டைன், பசிலிதெஸ் ஆகியோரின் சீடர்கள் ஒரு கூர்மையான கேள்வியை வைத்தார்கள். ஒருவன் குருடனாகப் பிறக்கிறான், ஒருவன் அரசனாகப் பிறக்கிறான். இருவரும் பிறக்குமுன் எதுவும் செய்யவில்லை என்றால் படைத்தவர் நீதியற்றவர், அல்லது மனித இயல்புகளே அடிப்படையில் வெவ்வேறானவை. ஓரிகனால் இரண்டையும் ஏற்க முடியவில்லை. அவருடைய விடை: தொடக்கத்தில் கடவுள் அறிவுள்ள உயிர்களை எல்லாம் சமமாகப் படைத்தார். அவை கடவுளைத் தியானிப்பதிலிருந்து தம் விருப்பத்தால் தளர்ந்து விலகின. விலகிய அளவுக்கேற்பச் சில தேவதூதர்களாயின, சில மனித உடல்களுக்குள் வந்தன, சில பேய்களாயின. ஒன்று மட்டும் சற்றும் விலகாமல் வார்த்தையானவரோடு (குமாரனாகிய கடவுளோடு) ஒட்டிக்கொண்டது. அதுவே கிறிஸ்துவின் ஆத்துமா. உலகம் என்பது விழுந்தவற்றைத் திருத்திக் கரையேற்றும் இடம்.

இதை மறுபிறவிக் கொள்கை என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. ஓரிகன் பேசியது இந்த உலகத்துக்கு முந்திய ஒரு நிலையைப் பற்றி. ஒருவனே திரும்பத் திரும்ப வேறு உடல்களில் பிறக்கிறான் என்பதை அவர் மத்தேயு நற்செய்திக்கு எழுதிய உரையில் எதிர்க்கிறார். யோவான் ஸ்நானகன் எலியாவின் மறுபிறப்பு என்ற வாசிப்பை அங்கே மறுக்கிறார். ஆன்மா அனாதி என்னும் சைவ சித்தாந்தக் கருத்தோடும் இதைக் குழப்பக் கூடாது. ஓரிகனின் கணக்கில் ஆத்துமா படைக்கப்பட்டதுதான், என்ன, உடலுக்கு வெகுமுன்பு படைக்கப்பட்டது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இதையெல்லாம் அவர் எழுதிய நூலின் முன்னுரையிலேயே, ஆத்துமா விதையின் வழியே வருகிறதா, வேறு தொடக்கம் உள்ளதா என்பது அப்போஸ்தலரின் போதனையில் தெளிவாக வரையறுக்கப்படவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அவருக்கு இது ஆராய்ச்சி. பின்னால் வந்த சீடர்கள்தான் அதைக் கோட்பாடாக இறுக்கினார்கள். அந்த நூலின் கிரேக்க மூலம் பெரும்பகுதி அழிந்துபோய், 398-இல் ருஃபினுஸ் செய்த லத்தீன் மொழிபெயர்ப்பின் வழியாகவே இன்று முழுமையாகக் கிடைக்கிறது. அவர் சில இடங்களை மென்மையாக்கினார் என்பதால், ஓரிகன் சரியாக எதைச் சொன்னார் என்பதில் அறிஞர்களிடையே சண்டை ஓயவில்லை.

இந்தக் கட்டடம் ஏன் நிற்கவில்லை? முதல் காரணம் உடல். விழுந்ததற்குத் தண்டனையாகவோ திருத்தமாகவோ உடல் கிடைத்தது என்றால், படைத்தவை எல்லாம் "மிகவும் நன்றாயிருந்தது" என்னும் ஆதியாகமம் 1:31 பொருளிழக்கிறது. உடலின் உயிர்த்தெழுதல் தேவையற்ற சுமையாகிறது. இரண்டாவது, பேரின்பத்தில் இருந்த ஆத்துமா ஒருமுறை சலித்து விழ முடியும் என்றால் மீட்படைந்த பிறகும் மறுபடி விழலாம், பரலோகத்துக்கு உறுதியே கிடையாது. 4, 5-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த மேற்கத்திய இறையியலாளர் அகஸ்டின் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார். மூன்றாவது, செய்த குற்றம் ஒருவருக்கும் நினைவில் இல்லை. நினைவில்லாத குற்றத்துக்கான தண்டனை யாரையும் திருத்தாது. நான்காவதுதான் சங்கங்களுக்கு (ஆயர்கள் கூடி முடிவெடுக்கும் பேரவைகளுக்கு) மிகவும் உறுத்தியது: கிறிஸ்துவின் மனித ஆத்துமா மரியாளிடம் கருவாவதற்கு முன்பே இருந்ததென்றால், மனிதனானார் என்ற நிகழ்வே பாதியாகிவிடுகிறது.

யோவான் 8:58-ஐயும் ("ஆபிரகாம் உண்டாகிறதற்கு முன்னமே நான் இருக்கிறேன்") 17:5-ஐயும் இங்கே இழுப்பவர்கள் இந்த நான்காவது புள்ளியைத் தவறவிடுகிறார்கள். அங்கே முன்பே இருப்பவர் குமாரனாகிய கடவுள். அவர் எடுத்துக்கொண்ட மனித ஆத்துமாவுக்கு, நம்முடையதைப் போலவே, கருவில்தான் தொடக்கம். கிறிஸ்து முன்பே இருந்தார், ஆகவே நாமும் இருந்திருப்போம் என்ற வாதம் இதனால் செல்லாது.

4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீஸாவின் கிரகோரி, மனிதனின் படைப்பைப் பற்றிய நூலில், ஆத்துமா உடலுக்கு முந்தியதும் அல்ல, பிந்தியதும் அல்ல, இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றே என்று வாதிட்டார். ஓரிகனை மிகவும் மதித்தவர் இதைச் சொன்னது குறிப்பிடத்தக்கது. கீழைத் திருச்சபை பின்னர் 7-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் மாக்ஸிமுஸ் வழியாக இதே பாதையில்தான் நடந்தது. பாலஸ்தீன மடங்களில் ஓரிகன் ஆதரவாளர்களுக்கும் எதிர்ப்பாளர்களுக்கும் மூண்ட பூசல் பேரரசர் யுஸ்தினியன் வரை போய், 543-இல் அவர் ஒன்பது சாபங்களோடு (இப்படிப் போதிப்பவர் சபிக்கப்பட்டவர் என்னும் கண்டனங்களோடு) கூடிய ஆணையை வெளியிட்டார். முதல் சாபம் ஆத்துமாக்களின் முன்னிருப்பைக் கண்டிக்கிறது. இரண்டாவது, கிறிஸ்துவின் ஆத்துமா முன்பே இருந்தது என்பதைக் கண்டிக்கிறது. 553-இல் கூடிய இரண்டாம் கொன்ஸ்தந்திநோபிள் சங்கத்தோடு இணைத்துப் பதினைந்து சாபங்கள் சொல்லப்படுகின்றன. அவை சங்கத்தின் அதிகாரபூர்வ நடவடிக்கைப் பதிவில் இல்லை, சங்கம் முறையாகத் தொடங்குமுன் ஆயர்கள் ஒப்புதல் தந்தவையாக இருக்கலாம் என்பது பல வரலாற்றாசிரியர்களின் கருத்து. ஆனால் சங்கத்தின் 11-ஆம் விதியில் கண்டனத்துக்குரியோர் பட்டியலில் ஓரிகனின் பெயர் இருக்கிறது. மேற்கில் 561-இல் பிராகா சங்கம், ஸ்பெயினில் தோன்றிய பிரிசில்லியன் கூட்டத்தாருக்கு எதிராக, ஆத்துமா கடவுளின் சாரத்திலிருந்து வந்த துண்டு என்பதையும், பரலோகத்தில் பாவம் செய்து உடலுக்குள் தள்ளப்பட்டது என்பதையும் தனித்தனியே கண்டித்தது.

இணையத்தில் சுற்றும் கதை ஒன்று உண்டு: வேதாகமத்தில் மறுபிறவி இருந்தது, 553-இல் பேரரசி தெயோதோராவின் தூண்டுதலால் அதை நீக்கிவிட்டார்கள் என்று. தெயோதோரா 548-இலேயே இறந்துவிட்டார். அது போகட்டும். 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் கைப்பிரதிகள் நம் கையில் உள்ளன. அவற்றுக்கும் முந்திய பாப்பிரஸ் பிரதிகளும் உள்ளன. 553-க்கு முன் எழுதப்பட்ட அந்தப் பிரதிகளில் நீக்கப்பட்டதாகச் சொல்லப்படும் வசனம் எதுவும் இல்லை. இதே கதையில் 325 நிசேயா சங்கத்தைக் கொண்டுவருபவர்களும் உண்டு. நிசேயாவின் விசுவாச அறிக்கையிலும் விதிகளிலும் ஆத்துமாவின் தோற்றம் பேசப்படவே இல்லை.

இனி மீந்திருக்கும் இரண்டு பதில்களுக்கு வருவோம்.

பெற்றோர் வழியே ஆத்துமா வருகிறது என்பதை முதலில் முறையாக எழுதியவர் வட ஆப்பிரிக்காவின் தெர்த்துல்லியன், சுமார் 210-இல். ஆதாமின் ஆத்துமா தாய்க்கொடி. மற்ற எல்லா ஆத்துமாக்களும் அதிலிருந்து எடுத்த பதியன்கள். கருவுறும் அதே கணத்தில் உடலும் ஆத்துமாவும் சேர்ந்தே உருவாகின்றன. இதன் பலம் ஜென்மப்பாவத்தில் தெரியும். ஆதாமின் ஆத்துமா கெட்டது, அதிலிருந்து வந்ததால் நம்முடையதும் கெட்டது, விளக்கம் முடிந்தது. லேவி பிறக்குமுன்பே தன் தகப்பனாகிய ஆபிரகாமின் அரையிலிருந்து தசமபாகம் கொடுத்தான் என்னும் எபிரெயர் 7:9-10 இவர்களுக்குப் பிடித்த வசனம். ஆதாம் தன் சாயலில் குமாரனைப் பெற்றான் என்ற ஆதியாகமம் 5:3-உம், ஏழாம் நாளில் கடவுள் படைப்பு வேலையை முடித்து ஓய்ந்தார் என்ற 2:2-உம் துணைக்கு வரும். பலவீனம், தெர்த்துல்லியன் ஆத்துமாவையே ஒருவகை நுண்ணிய பொருள் என்று கொண்டது. பொருள் என்றால் பிரிந்து பெருகலாம். பின்னால் வந்தவர்கள் ஆத்துமா பொருளல்ல என்று திருத்திக்கொண்டதும், பகுதிகளே இல்லாத ஆவி எப்படிப் பிரிந்து இன்னோர் ஆவியாகும், தகப்பனிடமிருந்தா தாயிடமிருந்தா இருவரிடமிருந்தும் பாதிப்பாதியா என்ற கேள்விகள் வந்து நின்றன. இன்றுவரை அவற்றுக்கு நிறைவான பதில் இல்லை. மரியாளிடமிருந்து வந்த கிறிஸ்துவின் ஆத்துமா ஏன் கறைபடவில்லை என்பதும் சேர்ந்துகொள்ளும். பரிசுத்த ஆவியானவர் அதைப் பரிசுத்தப்படுத்தினார் என்று லூக்கா 1:35-ஐக் காட்டுவார்கள்.

மற்றது, ஒவ்வோர் ஆத்துமாவையும் கடவுள் நேரடியாக ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்து உடலோடு இணைக்கிறார் என்பது. வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் இந்தப் பக்கம். "மனுஷனுடைய ஆவியை அவனுக்குள் உண்டாக்குகிற கர்த்தர்" என்னும் சகரியா 12:1, ஆவி "தன்னைத் தந்த தேவனிடத்திற்கு" திரும்பும் என்னும் பிரசங்கி 12:7, மாம்சத்தின் தகப்பன்மாரையும் ஆவிகளின் பிதாவையும் பிரித்துப் பேசும் எபிரெயர் 12:9, பிதா இதுவரைக்கும் கிரியை செய்கிறார் என்னும் யோவான் 5:17 ஆகியவை இதன் தூண்கள். வசனக் கணக்கில் இதன் கை சற்று ஓங்கியிருக்கிறது என்றே சொல்வேன். ஆனால் எதிரணி விடாது: எரேமியாவின் உடலையும்தான் கடவுள் வயிற்றில் உருவாக்கினார், அதற்காகப் பெற்றோருக்குப் பங்கில்லை என்று ஆகிவிடுமா? கடவுள் உண்டாக்குகிறார் என்பது பெற்றோர் வழியாக உண்டாக்குவதையும் உள்ளடக்கலாமே? நியாயமான கேள்விதான்.

இந்தக் கொள்கை இடிக்கும் இடத்தை அகஸ்டினைவிடக் கூர்மையாக யாரும் காட்டவில்லை. 395 வாக்கில் அவர் நான்கு வாய்ப்புகளை வரிசைப்படுத்தினார்: ஒரே ஆத்துமாவிலிருந்து எல்லாம் பெருகுகின்றன, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே படைக்கப்படுகின்றன, கடவுளிடம் முன்பே இருந்து அனுப்பப்படுகின்றன, முன்பே இருந்து தாமாக இறங்கி வருகின்றன. அப்போது எதையும் அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று விட்டுவிட்டார். பிறகு ஜென்மப்பாவத்தை மறுத்த பெலாஜியுஸுடனான போராட்டம் வந்தது. ஜென்மப்பாவம் தலைமேல் ஏறியது. 415-இல் பெத்லகேமில் இருந்த ஜெரோமுக்கு ஒரோசியுஸின் கையில் நீண்ட கடிதம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். சாரம் இது: உங்கள் கொள்கை என்னுடையதாகவும் இருக்கவே விரும்புகிறேன். ஆனால் இன்று காலையில் கடவுள் புதிதாகப் படைத்த ஆத்துமா, மாலையில் ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தையின் உடலில் இருந்தால், அது எந்த நீதியால் ஆக்கினைக்கு உள்ளாகிறது? அது ஆதாமிடமிருந்து வரவில்லை, தானாக எதுவும் செய்யவில்லை, கடவுளின் கையிலிருந்து நேரே வந்தது. பாவமுள்ள உடலில் போட்டதால் கெட்டது என்றால் போட்டவர் யார்?

ஜெரோம் பதிலில் நழுவிவிட்டார். அவர் உயிரோடிருக்கும்வரை தன் கடிதத்தை வெளியிடாமல் அகஸ்டின் காத்திருந்தார். கேள்விக்கு நேரான பதில் வரவே இல்லை. இடையில் வின்சென்ட் விக்டர் என்ற இளைஞர் எல்லாம் எனக்குத் தெரியும் என்ற தோரணையில் எழுத, அவருக்கு மறுப்பாக அகஸ்டின் நான்கு புத்தகங்கள் எழுதினார். அவற்றின் நோக்கம் தன் கொள்கையை நிறுவுவதல்ல, தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லாதே என்று காட்டுவது. வாழ்நாள் இறுதியில் தன் நூல்களைத் திருப்பிப் பார்த்து எழுதியபோதும், இது எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை என்றே பதிந்தார். மேற்குத் திருச்சபையின் மிகப்பெரிய இறையியலாளர் கைவிரித்த கேள்வி என்பதை, இதில் ஒரே வரியில் தீர்ப்பு சொல்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கத்தோலிக்கத் திருச்சபை படிப்படியாக நேரடிப் படைப்பின் பக்கம் முடிவுகட்டியது. 498-இல் திருத்தந்தை இரண்டாம் அனஸ்தாசியுஸ், பெற்றோரே ஆத்துமாவையும் தருகிறார்கள் என்பதைக் கண்டித்து, கால் (Gaul, இன்றைய பிரான்ஸ்) நாட்டு ஆயர்களுக்கு எழுதினார். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் தத்துவக் காரணத்தைக் கொடுத்தார்: அறிவுள்ள ஆத்துமா உடலின்றியும் நிலைக்கக்கூடியது, ஆகவே உடலின் ஆற்றலால் அதை உண்டாக்க முடியாது, விதையோடு கடத்தப்படுகிறது என்பது திரிபுக்கொள்கை. 1513-இல் ஐந்தாம் லாத்தரன் சங்கம் ஆத்துமா அழிவற்றது என்பதோடு, உடல்கள் எத்தனையோ அத்தனை ஆத்துமாக்கள் என்றும் அறிவித்தது. 1950-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்), மனித உடலின் தோற்றத்தைப் பற்றிப் பரிணாம ஆய்வுக்கு இடம் கொடுத்த அதே சுற்றுமடலில், ஆத்துமாக்கள் கடவுளால் நேரடியாகப் படைக்கப்படுகின்றன என்பதை விசுவாசமாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இன்றைய மறைக்கல்வி நூலின் 366-ஆம் எண் அதையே சொல்கிறது: பெற்றோர் ஆத்துமாவை உண்டாக்குவதில்லை. அகஸ்டினின் கேள்விக்கு இங்கே கிடைக்கும் பதில், ஜென்மப்பாவத்தின் வரையறையை மாற்றிக்கொண்டதில் இருக்கிறது. அது ஆத்துமாவில் ஒட்டிய கறையோ குழந்தை செய்த செயலோ அல்ல. ஆதாம் இழந்த தொடக்க அருள் இல்லாத நிலை. ஆகவே கடவுள் நல்ல ஆத்துமாவை எடுத்துச் சேற்றில் போட்டார் என்று ஆகாது. அந்த ஆத்துமா நல்லதுதான், ஆதாமின் குடும்பத்துக்கு வரவேண்டிய சொத்து மட்டும் அதற்கு வரவில்லை.

புராட்டஸ்டண்ட் பக்கம் ஒருமுகம் கிடையாது. லூத்தர் பெற்றோர் வழிக் கொள்கையின் பக்கம் சாய்ந்தார், லூத்தரன் இறையியலாளர்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றார்கள். கால்வின் நேரடிப் படைப்பை ஏற்றார். ஆனால் ஜென்மப்பாவத்தை விளக்க ஆத்துமாவின் தோற்றத்தைத் தோண்டத் தேவையில்லை, ஆதாமுக்குக் கொடுத்ததும் அவன் இழந்ததும் நம் எல்லாருக்குமானவை, அவ்வளவு போதும் என்றார். இதுதான் பின்னால் சீர்திருத்த மரபில் பிரதிநிதித்துவக் கொள்கையாக வளர்ந்தது: ஆதாம் உடன்படிக்கையின் தலைவன், அவன் தோற்றது நம் கணக்கில் எழுதப்பட்டது. சார்லஸ் ஹாட்ஜ், ஹெர்மன் பாவிங்க் போன்றோர் இந்த வழி. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பிரஸ்பிட்டேரியனான ஷெட்டும் பாப்டிஸ்டான ஸ்ட்ராங்கும் இதை ஏற்கவில்லை. நாம் உண்மையிலேயே ஆதாமுக்குள் இருந்தால்தான் அவன் பாவம் நம்முடையது, வெறும் கணக்கெழுத்து நீதியாகாது என்று சொல்லிப் பெற்றோர் வழிக் கொள்கைக்குத் திரும்பினார்கள். பாவத்தைப் பற்றிய கருத்து முதலில் வருகிறது, ஆத்துமாவின் தோற்றம் அதன் பின்னால் வருகிறது என்று நான் சொன்னதற்கு இதைவிடத் துலக்கமான எடுத்துக்காட்டு வேண்டாம். ஒரே சபையின் ஒரே விசுவாச அறிக்கையில் கையெழுத்திட்டவர்களே இதில் எதிரெதிர்ப் பக்கம் நிற்கிறார்கள்.

ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு இந்த நெருக்கடி குறைவு. ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது சாவும் சிதைவும், அவனுடைய குற்றப்பொறுப்பு அல்ல என்பது அவர்கள் பார்வை. குற்றம் கடத்தப்படவில்லை என்றால் அதைச் சுமந்துவரும் வழியைத் தேடவும் வேண்டியதில்லை.

முன்னிருப்பை இன்றும் வெளிப்படையாகப் போதிக்கும் பெரிய அமைப்பு மார்மன்கள் எனப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் சபை. மனிதர் எல்லாரும் பூமிக்கு வருமுன் பரலோகப் பெற்றோரின் ஆவிப்பிள்ளைகளாக வாழ்ந்தார்கள், அங்கேயே தெரிவு செய்தார்கள், அந்த நினைவு இங்கே மறைக்கப்பட்டிருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. 1833-இல் ஜோசப் ஸ்மித் தந்த வெளிப்பாடு ஒன்று, அறிவு என்பது படைக்கப்பட்டதே அல்ல என்று ஓரிகன் போகாத இடத்துக்கும் போகிறது. உடலைப் பற்றியும் அவர்கள் ஓரிகனுக்கு நேர் எதிர்: உடல் பெறுவது வீழ்ச்சியல்ல, முன்னேற்றம். இதற்கு எரேமியா 1:5-ஐயும், பூமிக்கு அஸ்திபாரமிட்டபோது தேவபுத்திரர் கெம்பீரித்தார்கள் என்னும் யோபு 38:7-ஐயும் காட்டுவார்கள். மற்ற சபைகள் அந்தத் தேவபுத்திரரைத் தேவதூதர்களாகவே வாசிக்கின்றன. அதே அதிகாரத்தின் 4-ஆம் வசனத்தில் கடவுள் யோபைப் பார்த்து, அப்போது நீ எங்கேயிருந்தாய் என்று கேட்கும் தொனியையும் சுட்டுகின்றன. செவன்த்-டே அட்வென்டிஸ்டுகளிடமும் யெகோவாவின் சாட்சிகளிடமும் இந்தக் கேள்வியே எழாது. உடலைவிட்டுத் தனியே வாழும் ஆத்துமா ஒன்று இருப்பதாக அவர்கள் நம்புவதில்லை. ஆதியாகமம் 2:7-இன்படி மண்ணும் ஜீவசுவாசமும் சேர்ந்த முழு மனிதனே ஜீவாத்துமா.

கடைசியாக, எப்போது என்ற கேள்வி. இதை எங்கிருந்து என்பதோடு கலந்துவிட்டால் விவாதம் குழம்பும். அக்குவினாஸ் நேரடிப் படைப்பை ஏற்றவர், ஆனால் அது கருவுறும் கணத்தில் நடக்கிறது என்று அவர் நினைக்கவில்லை. அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, கருவில் முதலில் தாவர உயிர், பிறகு விலங்கு உயிர், உடல் போதுமான அளவு உருவானபின் அறிவுள்ள ஆத்துமா என்று வைத்தார். ஆண் கருவுக்குச் சுமார் 40 நாள், பெண் கருவுக்குச் சுமார் 90 நாள் என்பது அன்றைய கணக்கு. கிறிஸ்து மட்டும் விதிவிலக்கு. யாத்திராகமம் 21:22-23-இன் கிரேக்க மொழிபெயர்ப்பு உருவான கருவையும் உருவாகாத கருவையும் பிரித்துப் பேசியதும் இந்த எண்ணத்துக்கு வலுச் சேர்த்தது. செசரியாவின் பசிலியுஸ் 4-ஆம் நூற்றாண்டிலேயே, கருக்கலைப்பு விஷயத்தில் அந்தப் பிரிவினையை நாங்கள் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார். மேற்குத் திருச்சபைச் சட்டத்தில் தண்டனைக்கான அந்த வேறுபாடு 1588-இல் நீக்கப்பட்டு, 1591-இல் திரும்பி வந்து, 1869-இல் மறுபடி நீக்கப்பட்டது.

கருவுறும் கணமே என்று வைத்துக்கொண்டால் ஒத்த இரட்டையர் கேள்வி வரும். கருவுற்றுச் சுமார் இரண்டு வாரத்துக்குள் ஒரே கரு இரண்டாகப் பிரியலாம். அப்போது முதல் ஆத்துமா யாருடையது? பெற்றோர் வழிக் கொள்கைக்கு இது பெரிய அதிர்ச்சியல்ல; ஆத்துமா பிரிந்து பெருகும் என்று அது ஏற்கெனவே சொல்லிவிட்டது. நேரடிப் படைப்புக் கொள்கையில் பிரியும் வேளையில் இரண்டாவது ஆத்துமா படைக்கப்படுகிறது என்று சிலர் சொல்வார்கள், பிரியும் வாய்ப்பு முடிந்தபிறகே ஆத்துமா வருகிறது என்று சிலர் அக்குவினாஸ் பக்கம் திரும்புவார்கள். 1974-இல் கருக்கலைப்பைப் பற்றி வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை, ஆத்துமா எந்தக் கணத்தில் இணைகிறது என்ற கேள்வியைத் தான் தீர்க்க வரவில்லை என்று வெளிப்படையாகவே ஒதுக்கிவைத்தது. ஆத்துமா இருக்கக்கூடும் என்ற வாய்ப்பு மட்டுமே கருவை அழிக்காதிருக்கப் போதுமான காரணம் என்று அதன் வாதம் போகிறது. கருவுற்றது முதல் அதை மனித ஆளாக மதிக்க வேண்டும் என்று உறுதியாகச் சொன்ன 1987 வத்திக்கான் ஆவணமும், அந்தத் தத்துவக் கேள்வியில் திருச்சபை தன்னைக் கட்டிக்கொள்ளவில்லை என்றே குறிப்பிடுகிறது.